எரிசக்தி ஆய்வுக்குப் பணம் தருவது யார்? பீலெஃபெல்டிலிருந்து சில குறிப்புகள்

பீலெஃபெல்ட் என்று ஓர் ஊரே கிடையாது என்பது ஜெர்மனியில் எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை. 1994இல் மாணவர் ஒருவர் இணையத்தில் எழுதிவிட்ட கேலிக் கதை அது, இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. 2019இல் ஊர்க்காரர்களே ஒரு போட்டி அறிவித்தார்கள். தங்கள் ஊர் இல்லை என்று ஐயத்துக்கு இடமின்றி நிரூபிப்பவருக்குப் பத்து லட்சம் யூரோ பரிசு. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுதிப்போட்டார்கள். ஒருவருக்கும் பணம் கிடைக்கவில்லை. ஆய்வு நிதி கேட்டு விண்ணப்பித்துப் பழகியவர்களுக்கு இந்த முடிவு வியப்பாக இருந்திராது.

அதே ஊரில் இன்னொரு விண்ணப்பக் கதையும் உண்டு. புதிதாகத் தோன்றிய பீலெஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் 1960களின் கடைசியில் சமூகவியல் பேராசிரியராகச் சேர்ந்தவர் நிக்லாஸ் லூமன். அவருடைய ஆய்வுத் திட்டம் என்ன என்று கேட்கப்பட்டபோது, சமூகம் பற்றிய ஒரு கோட்பாடு எழுதப் போவதாகவும், அதற்கு முப்பது ஆண்டு பிடிக்கும் என்றும், செலவு ஏதும் இல்லை என்றும் பதில் கொடுத்தார். நூல் 1997இல் வந்தது. மறு ஆண்டு அவர் காலமானார். காலக் கணக்கு ஏறக்குறையச் சரியாக இருந்தது. செலவுக் கணக்குதான் பிற்பாடு பொய்த்தது. அவர் விட்டுச்சென்ற சுமார் 90,000 குறிப்புச் சீட்டுகளைப் பல்கலைக்கழகம் 2011இல் கையகப்படுத்தியது. அவற்றை மின்வடிவாக்கிப் பதிப்பிக்க 2015 முதல் 2030 வரை பொதுப் பணத்தில் ஒரு திட்டம் நடந்துவருகிறது.

சீட்டும் பேனாவும் போதும் என்று சொல்லும் வசதி எரிசக்தி ஆய்வாளருக்கு இல்லை. அவருக்கு உலை வேண்டும், மின்கலம் வேண்டும், அளவைக் கருவி வேண்டும், மூன்றாண்டுச் சம்பளம் வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதே இக்கட்டுரையின் பொருள். பீலெஃபெல்டையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் மையமாக வைத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் கொட்டிய பழைய முறையின் எச்சமும், பலருக்குப் பகிர்ந்து கொடுக்கும் புதிய முறையின் விளைவும் இங்கே ரயிலில் அரைமணித் தொலைவுக்குள் பார்க்கக் கிடைக்கின்றன.

ஊண்ட்ரொப்பில் இரண்டு கோபுரங்கள்

பீலெஃபெல்டிலிருந்து தென்மேற்கே அரைமணி நேர ரயில் பயணத்தில் ஹம் நகரம். ஐரோப்பாவில் வாழும் தமிழர்களுக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதன் ஊண்ட்ரொப் பகுதியில் 2002இல் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம் இருக்கிறது. தேர்த் திருவிழா நாளன்று பல்லாயிரம் பேர் கூடுகிறார்கள். தொழிற்பேட்டைக்கு நடுவே ராஜகோபுரம் நிற்பதைப் பார்த்து வியக்காதவர் குறைவு.

அதே ஊண்ட்ரொப்பில் அதற்கு முன்னால் வேறொரு கோபுரம் நின்றது. ஏறக்குறைய 180 மீட்டர் உயரமுள்ள குளிர்விப்புக் கோபுரம். 1991 செப்டம்பர் 10ஆம் தேதி அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அது தோரியம் உயர்வெப்ப அணுஉலையின் கோபுரம். 300 மெகாவாட் திறனுள்ள அந்த உலையின் கட்டுமானம் 1971இல் தொடங்கியது. ஐந்து ஆண்டில் முடியும் என்று நினைத்த வேலை பதினைந்து ஆண்டுக்கும் மேல் இழுத்தது. தொடக்கத்தில் சுமார் 69 கோடி மார்க் என்று போட்ட மதிப்பீடு கடைசியில் 400 கோடியைத் தாண்டியது. அந்தத் தொகையில் பெரும்பகுதி மத்திய அரசும் நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநில அரசும் கொடுத்த பொதுப் பணம். 1987இல் முழு இயக்கத்துக்கு வந்த உலை, 1989 செப்டம்பரில் மூடப்படுவதாக முடிவானது. முழுத்திறனில் ஓடிய காலத்தைக் கூட்டினால் 423 நாள்தான் தேறுகிறது.

இந்த உலைக்கான எண்ணம் யூலிஷ் என்ற ஊரிலிருந்த அணு ஆய்வு நிலையத்தைச் சார்ந்து வளர்ந்தது. ருடோல்ஃப் ஷுல்டன் என்ற பொறியியல் அறிஞர் அதன் தந்தை. டென்னிஸ் பந்து அளவிலான கிராஃபைட் உருண்டைகளுக்குள் எரிபொருளை வைத்து, லட்சக்கணக்கான உருண்டைகளைக் குவித்து, நடுவே ஹீலியம் வாயுவை ஓடவிடுவது. வெப்பம் மிக உயரும், உலை உருகாது என்பது அதன் கவர்ச்சி. சிறிய சோதனை உலை ஒன்று யூலிஷில் 1967 முதல் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பெரிய உலையில் உருண்டைகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக உடைந்தன. 1986 மே 4ஆம் தேதி சிக்கிக்கொண்ட உருண்டையை வெளியேற்ற முயன்றபோது கதிரியக்கத் தூசி வெளிக்காற்றில் கலந்தது. செர்னோபில் விபத்து நடந்து ஒரு வாரமே ஆகியிருந்ததால், எது எங்கிருந்து வந்தது என்ற குழப்பத்தில் அது முதலில் மறைந்துபோனது. பிறகு தெரியவந்தபோது நம்பிக்கை போய்விட்டது. நம்பிக்கை போனபின் இனி ஏற்படும் நட்டத்தை யார் ஏற்பது என்ற சண்டை அரசுக்கும் மின்நிறுவனங்களுக்கும் இடையே வந்தது. அந்தச் சண்டைதான் உலையை மூடியது என்றும் சொல்லலாம்.

தோரியத்துக்கும் நமக்கும் ஒரு பழைய உறவு உண்டு என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவிலிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909இல் கண்டுகொண்டவர் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர். அந்த மணல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையில் இருப்பது. அன்று தோரியம் தேவைப்பட்டது காஸ் விளக்குத் திரிகளுக்கு. பிற்காலத்தில் இந்திய அணுசக்தித் துறையின் நீண்டகாலக் கனவுக்கு அதே மணல் அடிப்படையாயிற்று. தோரியத்திலிருந்து பெற்ற யுரேனியம்-233ஐக் கொண்டு ஓடும் காமினி என்ற சிறிய ஆய்வு உலை 1996இல் கல்பாக்கத்தில் இயங்கத் தொடங்கியது.

ஊண்ட்ரொப் உலையைப் பணவிரயம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நியாயமாகாது. அந்த அறிவு தென்னாப்பிரிக்காவுக்குப் போய் 2010இல் நின்றது. சீனாவுக்குப் போய் 2023 டிசம்பரில் ஷிதாவ் விரிகுடாவில் வணிக இயக்கத்துக்கு வந்தது. செலவு ஒருவருடையது, பயன் இன்னொருவருக்கு என்பது ஆய்வில் புதிதல்ல. ஆனால் கொடுத்தவர்கள் கற்ற பாடம் வேறு. ஒரே இயந்திரத்தில் பணத்தைப் போட்டுவிட்டால், அது பழுதானாலும் நிறுத்த முடியாது. நிறுத்தினால் இதுவரை போட்டது வீண் என்ற பேச்சு எழும். எனவே மேலும் போட வேண்டிவரும்.

காற்றாலையிலும் இதே கதை நடந்தது. 1980களில் ஆய்வு அமைச்சகத்தின் பணத்தில் வடகடல் ஓரத்தில் க்ரோவியான் என்ற மாபெரும் காற்றாலையைக் கட்டினார்கள். மூன்று மெகாவாட், நூறு மீட்டர் சுழலி. 1983 முதல் 1987 வரை அது மொத்தம் ஓடியது சுமார் 420 மணி நேரம். அதே ஆண்டுகளில் டென்மார்க்கின் வண்டிப்பட்டறைக்காரர்களும் விவசாயக் கருவி செய்வோரும் சின்னச் சின்னக் காற்றாலைகளைச் செய்து விற்று, உடைந்ததைத் திருத்தி, மெல்ல மெல்லப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்கள்.

1989இல் பான் நகர அரசு வழியை மாற்றியது. காற்றாலை வைத்திருப்பவருக்கு உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஊக்கத்தொகை. பதிலுக்கு அவர் பல ஆண்டுகள் அளவீட்டு விவரங்களைத் தர வேண்டும். 1990இல் சூரிய மின்சாரத்துக்கு ஆயிரம் கூரைத் திட்டம் வந்தது. ஈராயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் அதில் சேர்ந்தன. 1991 முதல் பசுமை மின்சாரத்தை மின்நிறுவனங்கள் கட்டாயம் வாங்க வேண்டும் என்ற சட்டம், 2000இல் அதைவிட வலுவான சட்டம். ஆய்வு நிதி என்றால் ஆய்வகத்துக்குக் கொடுப்பது மட்டும் என்ற எண்ணம் இங்கேதான் மாறியது. பொருளை வாங்க ஆள் இருந்தால் தயாரிப்பவர் தானே ஆய்வு செய்வார்.

யூலிஷ் வழியாக

இன்று ஜெர்மன் மத்திய அரசின் எரிசக்தி ஆய்வு நிதி, எரிசக்தி ஆய்வுத் திட்டம் என்ற பெயரில் எண்ணிடப்பட்டு வருகிறது. முதலாவது 1977இல், எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னால். ஏழாவது 2018இல், அது 2022 வரையிலான காலத்துக்குச் சுமார் 640 கோடி யூரோ ஒதுக்கியது. எட்டாவது 2023 அக்டோபரில் வெளிவந்தது. மின்சாரம், வெப்பம், ஹைட்ரஜன், ஒட்டுமொத்த எரிசக்தி அமைப்பு, ஆய்வு முடிவுகளை நடைமுறைக்குக் கொண்டுவருதல் என்று ஐந்து இலக்குகள் அதில் வைக்கப்பட்டன. 2025இல் அமைந்த அரசு அமைச்சகங்களின் பெயர்களை மாற்றியது; பொருளாதார அமைச்சகத்தின் பெயரில் எரிசக்தி மீண்டும் வந்தது, ஆய்வு அமைச்சகம் தொழில்நுட்பத்தையும் விண்வெளியையும் பெயரில் சேர்த்துக்கொண்டது. பழைய அறிவிப்புகளைப் படிப்பவர்கள் பெயர் மாறியதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

அமைச்சகம் நேராக விண்ணப்பம் வாங்குவதில்லை. இடையில் ஒரு நிர்வாக அமைப்பு நிற்கும். எரிசக்தித் துறையில் அது பெரும்பாலும் யூலிஷ் திட்ட நிர்வாகம். ஆம், உருண்டை உலை உருவான அதே யூலிஷ். ஒரு காலத்தில் ஒற்றை உலைக்காகக் கோடிகளைக் கேட்ட வளாகத்தைச் சார்ந்த அலுவலகம்தான், இன்று நாடு முழுவதிலும் இருந்து வரும் ஆயிரக்கணக்கான சிறு திட்டங்களை எடைபோடுகிறது.

வழிமுறை இரண்டு படிகளைக் கொண்டது. முதலில் திட்டச் சுருக்கம் ஒன்று எழுத வேண்டும்: சிக்கல் என்ன, உலகில் இதுவரை யார் என்ன செய்திருக்கிறார்கள், நீங்கள் செய்யப்போவது எதில் புதிது, முடிந்தபின் யார் பயன்படுத்துவார்கள், எவ்வளவு ஆகும். அது ஏற்கப்பட்டால் மட்டுமே முறையான விண்ணப்பம். அதை ஈஸி-ஆன்லைன் என்ற அரசு இணையவாயில் மூலம் தர வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துப் பல மாதங்கள் ஆகும். ஓராண்டு ஆனாலும் யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

பலரும் சறுக்குவது இரண்டு இடங்களில். ஒன்று, ஒப்புதல் கடிதம் கைக்கு வருமுன் வேலையைத் தொடங்கிவிடுவது. ஆர்வத்தில் கருவிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டால் அந்தச் செலவு கணக்கில் சேராது. மானியமே போய்விடவும் கூடும். பொதுப் பணம் இல்லாமலே உன்னால் செய்ய முடிந்தது அல்லவா, பிறகு ஏன் தர வேண்டும் என்பது அதிகாரியின் வாதம். குரூரமான வாதம், ஆனால் அதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. மற்றொன்று சொந்தப் பங்கு. பல்கலைக்கழகத்துக்குச் செலவு முழுவதும் கிடைக்கலாம். நிறுவனத்துக்கு அப்படி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசு உதவி விதிகளின்படி, பயன்பாட்டு ஆய்வுக்குப் பாதி, சந்தைக்கு நெருங்கிய உருவாக்கப் பணிக்குக் கால்வாசி என்பது அடிப்படை அளவு. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அதன்மேல் பத்து இருபது விழுக்காடு கூடும். மீதியைத் தன் கையிலிருந்து போட முடியும் என்று காட்ட வேண்டும். கடன் வாங்கித் தொழில் நடத்தும் ஒருவரிடம் நல்ல யோசனை இருக்கலாம், அந்த மீதி இருக்காது. புலம்பெயர்ந்து வந்து, பரம்பரைச் சொத்தோ வங்கியில் பழைய உறவோ இல்லாமல் தொழில் தொடங்குபவரை இந்த விதி மற்றவர்களைவிட அதிகமாகத் தடுக்கிறது என்பது என் எண்ணம். சட்டத்தில் அப்படி எந்தப் பாகுபாடும் எழுதப்படவில்லை; விளைவு அப்படி ஆகிவிடுகிறது.

பீலெஃபெல்டைச் சுற்றி

இந்த வட்டாரத்துக்கு ஒஸ்ட்வெஸ்ட்ஃபாலன்-லிப்பே என்று பெயர். ரூர் பகுதியைப் போல நிலக்கரியோ இரும்போ இங்கே பெரிதாக இல்லை. பீலெஃபெல்ட் லினன் துணிக்குப் பேர்போனது. பிறகு தையல் இயந்திரம், மிதிவண்டி, ஓட்கர் நிறுவனத்தின் பேக்கிங் பவுடர். இன்று சுற்றிலும் இருப்பவை பெரும்பாலும் குடும்ப நிறுவனங்கள்: மின்இணைப்பான்களும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் செய்பவை. ஃபீனிக்ஸ் கொன்டாக்ட், வைட்முல்லர், பெக்ஹாஃப், ஹார்ட்டிங் ஆகிய பெயர்களை மின்பொறியாளர்கள் அறிவார்கள். குட்டர்ஸ்லோவில் மீலே.

2012 ஜனவரியில் இந்த வட்டாரத்தின் நிறுவனங்களும் கல்விநிலையங்களும் சேர்ந்து அமைத்த 'இட்ஸ் ஓவுல்' என்ற கூட்டமைப்பு, மத்திய ஆய்வு அமைச்சகத்தின் தலைசிறந்த தொழிற்கூட்டுப் போட்டியில் வென்றது. ஐந்தாண்டுக்கு 4 கோடி யூரோ வரை மானியம். நிறுவனங்கள் தம் பங்கைப் போட்டபோது மொத்த மதிப்பு ஏறக்குறைய 10 கோடியைத் தொட்டது. தானே தன்னைச் சீர்செய்துகொள்ளும் இயந்திரங்கள், மனிதனும் இயந்திரமும் உரையாடும் முறை ஆகியவற்றோடு எரிசக்திச் சிக்கனமும் அதன் அடிப்படைத் தலைப்புகளில் ஒன்று. பீலெஃபெல்ட் பல்கலைக்கழகம், பாடர்போர்ன் பல்கலைக்கழகம், லெம்கோவிலும் பீலெஃபெல்டிலும் இருந்த தொழில்நுட்பக் கல்விநிலையங்கள் ஆய்வுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டன.

இந்தக் கூட்டமைப்பில் எனக்குப் பிடித்தது பெரிய திட்டங்கள் அல்ல. இடமாற்றத் திட்டம் என்று ஒரு சிறு வகை வைத்தார்கள். ஆய்வில் சொந்தமாக ஈடுபட ஆளோ பணமோ இல்லாத சிறு நிறுவனம், பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே உருவான ஒரு முறையைச் சில மாதங்களுக்குத் தன் பட்டறையில் பொருத்திப் பார்க்கலாம். ஆய்வாளரின் நேரத்துக்குத் திட்டம் பணம் கொடுக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட இத்தகைய சிறு திட்டங்கள் நடந்தன. ஊண்ட்ரொப்பில் நானூறு கோடி போன வழியை நினைத்துக்கொண்டால், இந்த எளிய ஏற்பாட்டின் அருமை விளங்கும்.

இதே வட்டாரத்து நிறுவனங்கள் பல சேர்ந்திருந்த இன்னொரு முயற்சி டி.சி. இண்டஸ்ட்ரி. 2016இல் பொருளாதார அமைச்சகத்தின் பணத்தில் தொடங்கியது. தொழிற்சாலையில் ஒவ்வொரு மோட்டாருக்கும் வேகத்தை மாற்றும் ஒரு கருவி இருக்கும். அது வலையமைப்பிலிருந்து வரும் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, மறுபடியும் வேண்டிய அலைவெண்ணில் மாறுமின்சாரமாக்கும். நூறு மோட்டார் இருந்தால் இந்த மாற்றம் நூறு முறை நடக்கும், ஒவ்வொன்றிலும் இழப்பு. ஆலை முழுவதற்கும் நேர்மின் வலை ஒன்றை ஓடவிட்டால் முதல் மாற்றத்தை ஓரிடத்தில் மட்டும் செய்தால் போதும். ஒரு இயந்திரம் வேகம் குறையும்போது திரும்பிவரும் மின்சாரத்தைப் பக்கத்து இயந்திரம் எடுத்துக்கொள்ளும். கூரைமேல் சூரியத் தகடும் மூலையில் மின்கலமும் நேராக இணையும். எடிசன் தோற்ற பந்தயம் ஆலைக்குள் மறுபடி நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இதை எந்தத் தனி நிறுவனமும் செய்ய முடியாது. எல்லோருடைய கருவியும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டால்தான் வலை ஓடும். போட்டியாளர்களை ஒரே மேசையில் உட்காரவைத்ததே அரசுப் பணத்தின் வேலை. அதன் தொடர்ச்சியாக 2022இல் மின்தொழில் சங்கத்தின் கீழ் தனிக் கூட்டணியொன்று அமைந்தது.

பல்கலைக்கழகத்துக்குள் நடப்பது இன்னொரு வகை. வேதியியல் பேராசிரியர் கத்தரீனா கோஸே-ஹொய்ங்ஹவுஸ் 1994 முதல் பீலெஃபெல்டில் தீச்சுடரை ஆராய்ந்தவர். எரிபொருள் எரிந்து கரியமில வாயுவும் நீருமாவது பள்ளிப்பாடம். நடுவே நொடியின் மிகச் சிறு பகுதியில் தோன்றி மறையும் நூற்றுக்கணக்கான இடைநிலை மூலக்கூறுகளை லேசராலும் நிறைமாலைமானியாலும் பிடித்துப் பட்டியலிடுவது அவர் வேலை. உயிரி எரிபொருள் நல்லது என்று எல்லோரும் சொன்ன காலத்தில், எரியும்போது அதிலிருந்து வேறு எந்தெந்த நச்சுகள் வருகின்றன என்று கேட்டவர்களில் அவர் முக்கியமானவர். 2000இல் பள்ளிப் பிள்ளைகளுக்காக டொய்டோலாப் என்ற ஆய்வகத்தையும் தொடங்கினார். சந்தைக்கு உடனே போகாத இத்தகைய ஆய்வுக்கு ஜெர்மன் ஆய்வுச் சங்கம் என்ற டி.எஃப்.ஜி.தான் தாய்மடி. 1920இல் தோன்றிய அந்த அமைப்பு ஆண்டுக்கு 300 கோடி யூரோவுக்கு மேல் வழங்குகிறது. அறிவிப்புக்குக் காத்திராமல் எந்த நாளிலும், எந்தத் தலைப்பிலும் விண்ணப்பிக்கலாம் என்பது அதன் தனிச்சிறப்பு. முடிவு செய்பவர்கள் அதே துறையின் ஆய்வாளர்களே.

வடமேற்கே ஒஸ்னாப்ரூக் நகரில் ஜெர்மன் கூட்டாட்சி சுற்றுச்சூழல் அறக்கட்டளை இருக்கிறது. அரசுக்குச் சொந்தமான சால்ஸ்கிட்டர் எஃகு நிறுவனத்தை விற்ற பணம், சுமார் 250 கோடி மார்க், அப்படியே முதலீடாக வைக்கப்பட்டு, அதன் வருவாயிலிருந்து 1991 முதல் உதவி செய்துவருகிறது. புகைபோக்கியை விற்றுப் பசுமைக்குக் கொடுத்தார்கள் என்பது வேடிக்கையாகத் தோன்றினாலும் அதில் ஓர் அறிவு இருக்கிறது. வரவுசெலவுத் திட்டம் ஆண்டுதோறும் மாறும், அறக்கட்டளையின் மூலதனம் மாறாது. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கே முன்னுரிமை. முனைவர் பட்ட மாணவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு.

அந்த நிலைத்தன்மை ஏன் வேண்டும் என்பது 2023 நவம்பர் 15ஆம் தேதி எல்லோருக்கும் புரிந்தது. கொரோனாக் காலத்தில் பயன்படாமல் இருந்த 6,000 கோடி யூரோ கடன் அனுமதியைக் காலநிலை நிதிக்கு மாற்றியது செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நிதியை நம்பியிருந்த மின்கல ஆய்வு கடுமையான வெட்டைச் சந்தித்தது. பக்கத்து முன்ஸ்டர் நகரில் மின்கல உற்பத்தி ஆய்வுக்கூடத்துக்கு 2019இல் 50 கோடி யூரோ ஒதுக்கப்பட்டபோது, அன்றைய ஆய்வு அமைச்சர் அந்த வட்டாரத்தவர் என்பதால் பெரும் சர்ச்சை எழுந்ததையும், இடத்தைத் தேர்ந்த முறையைத் தணிக்கை நீதிமன்றம் குறைகூறியதையும் இங்கே நினைவூட்டலாம். ஒரே கூடத்தில் பெரும்பணம் என்ற பழைய ஆசை முற்றாகப் போய்விடவில்லை.

பட்டறை வைத்திருப்பவர்க்கு

சிறு நிறுவனத்துக்கு இரண்டு வாசல்கள் முக்கியமானவை. ஒன்று 2008இல் தொடங்கிய ஸிம் என்ற நடுத்தரத் தொழில் புத்தாக்கத் திட்டம். எந்தத் துறை என்று கேட்பதில்லை. புதிதா, தொழில்நுட்ப இடர் உள்ளதா, விற்குமா என்றுதான் பார்க்கும். தனியாகவும் விண்ணப்பிக்கலாம், ஒரு கல்விநிலையத்தோடு சேர்ந்தும் விண்ணப்பிக்கலாம். செலவில் ஏறக்குறையப் பாதி கிடைக்கும்.

மற்றது பலருக்கும் தெரியாதது. 2020 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ஆய்வுச் சலுகை. போட்டி கிடையாது, நிதி தீர்ந்துவிட்டது என்ற பதிலும் கிடையாது. தகுதி இருந்தால் உரிமை. செய்த வேலை உண்மையிலேயே ஆய்வுதானா என்று ஒரு சான்று அலுவலகம் உறுதிசெய்ய வேண்டும், பிறகு வரி அலுவலகம் தகுதியுள்ள செலவில் 25 விழுக்காடு தரும். சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2024 மார்ச் முதல் 35 விழுக்காடு. வரி கட்ட வேண்டியதைவிடச் சலுகை அதிகமானால் மீதி கையில் வரும். முக்கியமான செய்தி: ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்கும், சில ஆண்டுகள் பின்னோக்கி, கேட்கலாம். தனியாளாகத் தொழில் நடத்துபவர் தன் சொந்த உழைப்பு மணிகளையும் கணக்கில் காட்டலாம். வேலை நேரத்தை அன்றாடம் எழுதிவைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சொந்தப் பங்கு இல்லாதவரின் இக்கட்டை இது முற்றாகத் தீர்க்காது, ஏனெனில் பணம் பின்னால்தான் வரும். ஆனாலும் மற்ற எந்தத் திட்டத்தையும்விட இதில் ஆள் அறிமுகம் தேவைப்படுவது குறைவு.

புதிதாகத் தொழில் தொடங்கும் பட்டதாரிகளுக்கு எக்ஸிஸ்ட் என்ற ஓராண்டு உதவித்தொகை உண்டு. தனிநபர் விண்ணப்பிக்க முடியாது, பல்கலைக்கழகம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பீலெஃபெல்டில் 2016இல் பெர்டெல்ஸ்மன் அறக்கட்டளையின் ஆதரவில் தொடங்கிய ஃபவுண்டர்ஸ் ஃபவுண்டேஷன் புதுத்தொழில் முனைவோருக்குப் பயிற்சி தருகிறது. எந்தத் திட்டம் தமக்குப் பொருந்தும் என்று தெரியாதவர்கள், மத்திய, மாநில, ஐரோப்பிய உதவிகள் அனைத்தையும் ஒரே இடத்தில் தேடத்தக்க அரசின் உதவித் தரவுத்தளத்தில் தொடங்கலாம். ஊரிலுள்ள தொழில், வணிகக் கழகத்திலும் ஆலோசனை கிடைக்கும்.

நம் மாணவர்களும் ஆய்வாளர்களும்

தமிழகத்திலிருந்தும் ஈழத்திலிருந்தும் ஆய்வுக்கு வர நினைப்பவர்கள் உதவித்தொகையையே தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் எரிசக்தி ஆய்வு நிதி இளைஞர்களைச் சென்றடைவது பெரும்பாலும் உதவித்தொகையாக அல்ல, சம்பளமாக. ஒரு பேராசிரியருக்கு மூன்றாண்டுத் திட்டம் கிடைத்தால் அவர் வேலைவாய்ப்பு விளம்பரம் செய்வார். தேர்வாகிறவர் அரசு ஊதிய அட்டவணைப்படி சம்பளம் பெறும் ஊழியர், கூடவே முனைவர் பட்டம். ஆகவே பார்க்க வேண்டியது வேலை விளம்பரங்களையும், அண்மையில் யாருக்குத் திட்டம் கிடைத்தது என்ற செய்திகளையும். இதன் மறுபக்கமும் உண்டு. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். தங்கும் அனுமதி வேலையோடு பிணைந்திருப்பவருக்கு மூன்றாம் ஆண்டின் கடைசி மாதங்கள் தூக்கமில்லாதவை. 2023 தீர்ப்பு போன்ற ஒன்று வந்தால், செய்தித்தாளில் கோடிகளாகத் தெரிவது ஒருவரின் வீட்டில் வாடகையாகத் தெரியும்.

முன்பு பல்கலைக்கழகம் மட்டுமே முனைவர் பட்டம் தரும். 2022 நவம்பர் முதல் நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனில் பயன்பாட்டு அறிவியல் கல்விநிலையங்கள் சேர்ந்து அமைத்த முனைவர் பட்டக் கல்லூரிக்கும் அந்த உரிமை கிடைத்துள்ளது. 1971இல் தொடங்கி, 2023இல் பெயரைச் சுருக்கிக்கொண்ட ஹோஹ்ஷூலே பீலெஃபெல்ட் போன்ற இடங்களில் மின்வலை, சேமிப்பு, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆகியவற்றில் பயில்பவர்களுக்கு இது நல்ல செய்தி.

முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு அலெக்சாண்டர் ஃபொன் ஹும்போல்ட் அறக்கட்டளையின் ஆய்வுத் தகைமை எந்த நாட்டவருக்கும் எந்தத் துறைக்கும் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மரீ க்யூரி தகைமையும் அப்படியே. ஆனால் எந்த நாட்டுக்குப் போக விரும்புகிறீர்களோ அங்கே கடந்த மூன்றாண்டில் ஓராண்டுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. ஜெர்மனியிலேயே பட்டம் வாங்கிவிட்டு அங்கேயே இதற்கு விண்ணப்பிக்க நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு. அவர்கள் நெதர்லாந்தையோ டென்மார்க்கையோ பார்க்க வேண்டும்.

நிறுவன மட்டத்தில் வேறொரு நுட்பம் இருக்கிறது. 2021 முதல் 2027 வரை 9,550 கோடி யூரோ கொண்ட ஹொரைசன் யூரோப் திட்டத்தில், காலநிலை, எரிசக்தி, போக்குவரத்துக்கு மட்டும் சுமார் 1,500 கோடி. குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளின் நிறுவனங்கள் அதில் பங்காளியாகச் சேர்ந்தால் ஒன்றியமே பணம் தரும். அந்தப் பட்டியலில் இலங்கை உண்டு. இந்தியா இல்லை, சீனா, பிரேசில் போல அதுவும் பெரிய பொருளாதாரம் என்று விலக்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் ஒன்று சேர வேண்டுமானால் பொதுவாகத் தன் பணத்தைக் கொண்டுவர வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு அந்தத் தேவை இல்லை. யாழ்ப்பாணத்துப் பொறியியல் ஆசிரியர் ஒருவருக்கும் பீலெஃபெல்ட் வட்டாரத்துக் குழு ஒன்றுக்கும் இடையே ஒரு கடிதம் போதும் என்ற நிலையில், அந்தக் கடிதத்தை எழுத வைப்பதில் இங்குள்ள தமிழ் ஆய்வாளர்கள் உதவலாம்.

இந்தியாவுக்கு வேறு பாலம் இருக்கிறது. 2010இல் இரு அரசுகளும் சேர்ந்து தொடங்கிய இந்திய-ஜெர்மன் அறிவியல் தொழில்நுட்ப மையம், இரண்டும் இரண்டும் என்ற கணக்கில் உதவுகிறது: இந்தியாவிலிருந்து ஒரு கல்விநிலையம், ஒரு தொழில் நிறுவனம், ஜெர்மனியிலிருந்தும் அப்படியே. நான்கு பேரில் ஒருவர் குறைந்தாலும் விண்ணப்பம் எடுபடாது. பெரும்பாலும் குறைவது கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ இருக்கும் தொழில் நிறுவனம்தான். மோட்டாரும் பம்பும் செய்கிற கோயம்புத்தூருக்கு, மோட்டார்க் கட்டுப்பாட்டுக் கருவி செய்கிற இந்த வட்டாரத்தோடு பேச நிறைய இருக்கிறது. அழைப்பு வெளிவந்தபின் கூட்டாளியைத் தேடத் தொடங்கினால் காலம் போதாது. தேடலை அதற்கு ஓராண்டு முன்பே தொடங்குபவர்களுக்கே நான்கு கையெழுத்தும் உரிய நாளில் கிடைக்கின்றன.